ஒற்றைத் தலைவலியை உலகம் அடையாளம் கண்ட வரலாறு

(படிவம் 4, 5 மாணவர்களுக்கான வாசிப்புக் கட்டுரை, ஆசிரியர்களுக்கான வினாக்களும் நடவடிக்கையும் இறுதியில் உள்ளன)

முன்னுரை

“தலை வலிக்குது டீச்சர்.” இந்த வாக்கியம் காதில் விழாமல் எந்த இடைநிலைப்பள்ளியிலும் ஒரு வாரம் கழிவதில்லை. நம் பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். “தண்ணி குடி, சரியாயிடும்.” “ராத்திரி முழுக்க கைப்பேசி பார்த்தா வலிக்காம என்ன செய்யும்?” பல நேரங்களில் இந்தப் பதில்கள் பொருந்தவும் செய்யும். காரணம், பெரும்பாலான தலைவலிகள் சாதாரணத் தலைவலிகளே.

ஆனால், உலக மக்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு வருவது வேறொரு நோய். அதை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து மைக்ரேன் என்றும் சொல்கிறோம். இது கூடுதலாக வலிக்கும் சாதாரணத் தலைவலி அன்று. மூளையோடும் நரம்புகளோடும் தொடர்புடைய தனி நோய். இந்த வேறுபாட்டை மனிதகுலம் தெளிவாக எழுதி வைக்க ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன.

ஏன் இவ்வளவு காலம்? எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். நீரிழிவை இரத்தப் பரிசோதனை காட்டும். ஒற்றைத் தலைவலியை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ படமோ இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். ஆகவே, இந்நோயின் வரலாறு என்பது நோயாளியின் சொல்லை உலகம் எப்போது கேட்டது, எப்போது கேட்க மறுத்தது என்பதன் வரலாறும் ஆகும். அதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பெயருக்குள் இருக்கும் ‘பாதி’

மொழி மாணவர்களாகிய நாம் பெயரிலிருந்தே தொடங்குவோம். தமிழில் ‘ஒற்றைத் தலைவலி’ என்கிறோம். தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வலிப்பது என்பது இதன் பொருள். சமஸ்கிருத மருத்துவ நூல்கள் இதனை ‘அர்த்தாவபேதகம்’ என்றன. ‘அர்த்த’ என்றால் பாதி. ‘பேதம்’ என்றால் பிளப்பு. பாதித் தலையைப் பிளக்கும் நோய் என்று பொருள். மலாய் மொழியில் ‘சாக்கிட் கெப்பாலா செபெலா’ என்பார்கள். ‘செபெலா’ என்றாலும் ஒரு பக்கம்தான்.

மைக்ரேன் என்ற சொல்லின் பிறப்பும் இதே கதைதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் இந்நோயை ‘ஹெமிக்ரேனியா’ என்று குறிப்பிட்டார். ‘ஹெமி’ என்றால் பாதி. ‘க்ரேனியன்’ என்றால் மண்டையோடு. இச்சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனது. அங்கே முன்பாதி தேய்ந்து ‘மிக்ரேன்’ ஆகி, ஆங்கிலத்தில் மைக்ரேன் ஆனது.

இத்தனை மொழிகளிலும் ஒரே கருத்து இருப்பது வியப்புதான். ஆனால், இந்தப் பெயருக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. இந்நோய் உள்ள பலருக்கு வலி இரண்டு பக்கமும் வரும். குறிப்பாகப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நெற்றி முழுவதுமோ இரு பொட்டுகளிலுமோ வலிப்பது அதிகம். ‘உனக்கு ரெண்டு பக்கமும்தானே வலிக்குது, அப்போ இது ஒற்றைத் தலைவலி இல்ல’ என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அது பெயரை நம்பி நோயைத் தவறவிடுவதாகும். ‘பாதி’ என்பது ஓர் அடையாளமே தவிர, அதுவே முழு அடையாளம் அன்று.

2. பழங்கால மருத்துவர்கள் கண்டவை

கேலனின் காலத்தை ஒட்டி வாழ்ந்த மற்றொரு கிரேக்க மருத்துவர் கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ். கப்படோசியா இன்றைய துருக்கியில் உள்ளது. தலைவலிகளை வகைப்படுத்தியவர்களுள் இவருக்குத் தனி இடமுண்டு. வந்து சீக்கிரம் போய்விடும் தலைவலி, நீண்ட நாள் விடாமல் இருக்கும் தலைவலி, ஒரு பக்கத்தைத் தாக்கி விட்டுவிட்டு வரும் தலைவலி என மூன்றாகப் பிரித்தார். மூன்றாவது வகைக்கு ‘ஹெட்டரோக்ரேனியா’ என்று பெயரிட்டார்.

அந்த மூன்றாவது வகையைப் பற்றி அவர் எழுதியதுதான் முக்கியம். நோயாளிகளுக்குக் குமட்டல் வருகிறது, பித்த வாந்தி எடுக்கிறார்கள், வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், இருட்டில் படுத்தால் ஆறுதல் அடைகிறார்கள், வாழ்க்கையே வெறுத்துப்போகும் அளவுக்குத் துன்பப்படுகிறார்கள் என்று அவர் பதிவு செய்தார். இன்று மருத்துவர் கேட்கும் கேள்விகளில் குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் முதல் இடத்தில் உள்ளன. ஆக, முக்கியமான அடையாளங்களை அரெட்டேயஸ் அப்போதே பிடித்துவிட்டார். நோயாளியின் அருகில் இருந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

இந்தியாவில் சுஸ்ருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொன்றாக வகுத்தது. அவற்றுள் ஒன்று நாம் மேலே கண்ட அர்த்தாவபேதகம். பாதித் தலையில் குத்துவது போன்ற கடும் வலி, தலைச்சுற்றல் ஆகியவற்றோடு, பத்து நாளுக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ அது திரும்ப வரும் என்றும் அந்நூல் கூறியது. ‘திரும்ப வரும்’ என்பதை மாணவர்கள் அடிக்கோடிட வேண்டும். விட்டுவிட்டு வருவது இந்நோயின் முதன்மை இயல்புகளில் ஒன்று. அதே நூல் ‘சூரியாவர்த்தம்’ என்ற வேறொரு தலைநோயையும் தனியாகக் குறிக்கிறது. அது சூரியன் ஏற ஏற வலி ஏறி, சாயச் சாயக் குறைவது. எந்த நேரத்தில் வலிக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றெல்லாம் கேட்டு வகைப்படுத்தும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அடையாளம் சரியாக இருந்தாலும் விளக்கம் வேறாக இருந்தது. கேலனும் அவர் வழி வந்தவர்களும் உடலின் நீர்மங்கள் கெட்டு, அவற்றின் ஆவி தலைக்கு ஏறுவதாக நம்பினார்கள். ஆகவே, இரத்தம் வடித்தல் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோபா பகுதியில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-சஹ்ராவி, சூடு போடுவதையும், பொட்டில் கீறிப் பூண்டை உள்ளே வைப்பதையும் சிகிச்சையாக எழுதினார். இன்று படிக்கும்போது நமக்கு உடம்பு கூசுகிறது. அதற்குச் சம்மதித்த நோயாளி எவ்வளவு வலியில் இருந்திருப்பார் என்பதையும் அதே குறிப்பு நமக்குச் சொல்கிறது.

3. ஒரு பெண் தத்துவஞானியின் தலைவலி

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன் கான்வே என்ற தத்துவஞானி வாழ்ந்தார் (1631–1679). அவர் எழுதிய தத்துவ நூல் அவர் இறந்த பிறகு, 1690-இல் வெளிவந்தது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் போன்றோர் அவர் சிந்தனையை மதித்தார்கள். இந்தப் பெண்மணிக்குச் சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கடும் தலைவலி தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் அது விடவில்லை.

அவர் போகாத மருத்துவர் இல்லை. உடலில் இரத்தம் சுற்றி ஓடுவதை நிறுவிய வில்லியம் ஹார்வியும் அவருக்குச் சிகிச்சை அளித்தார். பாதரசம் கொடுத்தார்கள், இரத்தம் வடித்தார்கள். மண்டையோட்டில் துளையிடும் சிகிச்சைக்காக 1656-இல் பிரான்சுக்குப் போனார். அங்குள்ள மருத்துவர்கள் துளையிடத் துணியாமல் இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். எதுவும் பலிக்கவில்லை.

அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் தாமஸ் வில்லிஸ். மூளையின் அடியில் உள்ள இரத்தக் குழாய் வளையம் இன்றும் ‘வில்லிஸ் வளையம்’ என்றே அழைக்கப்படுகிறது. வில்லிஸாலும் கான்வேயைக் குணப்படுத்த முடியவில்லை. ஆனால், 1672-இல் வெளிவந்த நூலில் அவருடைய நோயை விரிவாகப் பதிவு செய்தார். தலைவலி பரம்பரையாக வரலாம், பருவநிலை மாற்றமும் உணவும் அதைத் தூண்டலாம் என்று கவனித்து எழுதினார். இரத்தக் குழாய்களில் ஏற்படும் மாற்றமே வலிக்குக் காரணம் என்று கருதினார். ஆவி ஏறுகிறது என்ற பழைய விளக்கத்திலிருந்து, உடலுக்குள் இருக்கும் ஓர் உறுப்பைச் சுட்டும் விளக்கத்துக்கு மருத்துவம் நகர்ந்த காலம் இது.

4. மருத்துவரும் வானியலாளரும்

18-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மருத்துவர் திஸ்ஸோ, நரம்பு நோய்கள் பற்றிய தம் பெரிய நூலில் ஒற்றைத் தலைவலியைத் தனியாக எடுத்து எழுதினார். சாதாரணத் தலைவலியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியதே அவருடைய முதன்மைப் பங்களிப்பு. திடீரென்று தாக்குவது, கடுமையாக இருப்பது, மீண்டும் மீண்டும் வருவது ஆகியவற்றை அவர் வேறுபாடுகளாகக் காட்டினார். காரணம் வயிற்றில் இருக்கிறது என்று அவர் நினைத்தார், அது நிலைக்கவில்லை. பிரித்துக் காட்டியது நிலைத்தது.

அடுத்து வருவது சுவையான ஒரு திருப்பம். ஜார்ஜ் ஏரி இங்கிலாந்தின் அரச வானியலாளர். அவருக்கு அவ்வப்போது பார்வையில் ஒரு புள்ளி தோன்றி, கோணல்மாணலாக மின்னி விரிந்து, பிறகு மறைந்துவிடும். வானத்தைக் கவனித்துக் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவர் இதையும் கவனித்து 1865-இல் கட்டுரையாக வெளியிட்டார். அவருடைய மகன் ஹியூபர்ட் ஏரி மருத்துவர். அவருக்கும் அதே தொல்லை. 1870-இல் தம் பார்வையில் தோன்றியதை நிமிடத்துக்கு நிமிடம் எப்படி விரிந்தது என்று படங்களாகவே வரைந்து வெளியிட்டார். கோட்டைச் சுவர் போன்ற வளைந்த விளிம்பு அது.

இதைத்தான் இன்று ‘ஆரா’ என்கிறோம். தலைவலிக்கு முன் பார்வையில் மின்னல் கோடுகள், குருட்டுப் புள்ளி, விரல் நுனியிலோ உதட்டிலோ மெல்லப் பரவும் மரத்துப்போன உணர்வு ஆகியவை இதில் அடங்கும். வழக்கமாக 5 நிமிடம் முதல் 60 நிமிடம் வரை இருக்கும். எல்லாருக்கும் வராது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறத்தாழ கால்பகுதி முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே வரும்.

1873-இல் எட்வர்ட் லிவிங் என்ற ஆங்கில மருத்துவர் இந்நோய்க்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். இரத்தக் குழாயை விட நரம்பு மண்டலத்துக்குள் எழும் புயலே காரணம் என்றார். ‘நரம்புப் புயல்’ என்ற அவருடைய உருவகம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரத்தக் குழாயா, மூளையா என்ற விவாதம் இங்கே சூடு பிடித்தது.

5. இரத்தக் குழாயா, மூளையா?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ‘இரத்தக் குழாய்’ கட்சிதான் வென்றதுபோல் தெரிந்தது. ரை என்ற தானியப் பயிரில் வளரும் எர்கட் என்ற பூஞ்சையிலிருந்து, 1918-இல் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் எர்கோட்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1920-களில் இது ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படத் தொடங்கியது. 1938-இல் அமெரிக்காவில் ஜான் கிரஹாமும் ஹெரால்ட் வுல்ஃபும் ஒரு சோதனை செய்தார்கள். எர்கோட்டமின் கொடுத்ததும் பொட்டில் உள்ள இரத்தக் குழாயின் துடிப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. ‘ஆக, குழாய் விரிவதுதான் வலி’ என்று பாடநூல்கள் பல ஆண்டுகள் எழுதின.

மறுபக்கம், அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த ஆராவையே அளந்து கணக்குப் போட்டார். பார்வையில் அந்தப் புள்ளி விரியும் வேகத்தை வைத்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941-இல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1944-இல், பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவ் முயலின் மூளையில் மின் செயல்பாடு அடங்கிக்கொண்டே மெல்லப் பரவும் ஓர் அலையைக் கண்டறிந்தார். அதன் வேகமும் ஏறத்தாழ அதேதான்! ஒருவர் தம் பார்வையை வைத்துப் போட்ட கணக்கும், இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில் கண்ட அலையும் பொருந்தின. 2001-இல் மூளைப் படங்கள் மனித மூளையிலும் அதுபோன்ற அலையைக் காட்டின. வலிக்கும் நேரத்தில் தலையின் வெளிப்புறக் குழாய்கள் பெரிதாக விரிவதில்லை என்பதும் பிற்காலப் படங்களில் தெரிந்தது.

இன்றைய கருத்து இதுதான்: ஒற்றைத் தலைவலி மூளையில் தொடங்கும் நோய். முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பும், மூளையைச் சுற்றியுள்ள உறைகளும், அங்கே வெளிப்படும் சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருளும் வலியை உண்டாக்குகின்றன. இந்த ஆய்வுகளுக்காக எட்வின்சன், கோட்ஸ்பி, மோஸ்கோவிட்ஸ், ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான ‘பிரெய்ன் பரிசு’ வழங்கப்பட்டது.

6. ‘பெரும்பாலும்’ போய், எண்ணிக்கை வந்தது

நோயின் காரணத்தைத் தேடிய அதே காலத்தில், ‘எதை ஒற்றைத் தலைவலி என்பது?’ என்ற கேள்வியும் தொடர்ந்தது. 1962-இல் அமெரிக்காவில் ஒரு குழு தலைவலிகளை வகைப்படுத்தி வரையறை எழுதியது. அதில் ‘பெரும்பாலும்’, ‘வழக்கமாக’, ‘சில வேளைகளில்’ போன்ற சொற்கள் நிறைந்திருந்தன. பெரும்பாலும் என்றால் எத்தனை? ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு முடிவு வரும். கட்டுரையில் இத்தகைய சொற்களை அளவறிந்து பயன்படுத்தச் சொல்லி மாணவர்களிடம் நாம் மன்றாடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

1988-இல் டென்மார்க் மருத்துவர் யெஸ் ஓலெசன் தலைமையில் பன்னாட்டுத் தலைவலிச் சங்கத்தின் குழு, எண்ணிச் சரிபார்க்கக்கூடிய விதிகளை வெளியிட்டது. 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு இப்போது நடைமுறையில் உள்ளது. அதன் சாரத்தைக் கீழே தருகிறேன்.

ஒற்றைத் தலைவலி (ஆரா இல்லாதது):
• குறைந்தது 5 முறை வந்திருக்க வேண்டும்.
• மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் 2 மணி நேரமாகவும் இருக்கலாம்.
• ஒரு பக்க வலி, துடிக்கும் வலி, மிதமான அல்லது கடுமையான வலி, நடந்தாலோ படியேறினாலோ கூடும் வலி ஆகிய நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும்.
• குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும். அல்லது வெளிச்சம், சத்தம் இரண்டையும் தாங்க முடியாமல் இருக்க வேண்டும்.

சாதாரண இறுக்கத் தலைவலி:
• 30 நிமிடம் முதல் 7 நாள் வரை இருக்கலாம்.
• இரு பக்கமும் வலிக்கும், பட்டை கட்டி இறுக்குவது போல் இருக்கும், துடிக்காது.
• இலேசாகவோ மிதமாகவோ இருக்கும்; நடந்தால் கூடாது.
• குமட்டலும் வாந்தியும் இருக்காது. வெளிச்சம், சத்தம் இவற்றுள் ஒன்று வேண்டுமானால் தொந்தரவு தரலாம். இரண்டும் சேர்ந்து வராது.

கவனித்தீர்களா? இந்தப் பட்டியலில் ‘ஒரு பக்கம்’ என்பது நான்கில் ஒன்றாகக் கீழிறங்கிவிட்டது. பெயரைப் பிடித்துக்கொள்ளாமல் மற்ற அடையாளங்களையும் கேட்க வேண்டும் என்பதை 1988 விதியாக்கியது. அரெட்டேயஸ் கண்ட குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் மீண்டும் நடுவுக்கு வந்தன.

7. தடுப்பின் வரலாறு

வலி வந்தபின் மருந்து கொடுப்பது ஒன்று. வராமல் காப்பது வேறொன்று. இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களுள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆங்கில நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் முக்கியமானவர். பொது உடல்நலத்தையும் ஒழுங்கான வாழ்க்கை முறையையும் அவர் வலியுறுத்தினார்.

தடுப்பு மருந்துகள் பல, வேறெதற்கோ கொடுக்கப்போய்க் கண்டறியப்பட்டவை. 1966-இல் நெஞ்சுவலிக்காகப் புரோப்ரனலால் என்ற மருந்து உட்கொண்டவர்களுக்கு ஒற்றைத் தலைவலி குறைந்தது. ‘டாக்டர், நெஞ்சுக்குக் கொடுத்தீங்க, தலைவலியும் போச்சு’ என்று நோயாளி சொன்னால், அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு மருத்துவர் வேண்டும். இங்கேயும் கேட்டதால்தான் கண்டுபிடிப்பு. இன்றும் அம்மருந்து பயன்பாட்டில் உள்ளது. வலி வந்தவுடன் எடுக்கும் மருந்துகளில் 1991-இல் வந்த சுமட்ரிப்டான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. சி.ஜி.ஆர்.பி.-யின் வேலையைத் தடுக்கும் முதல் ஊசி மருந்து 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒற்றைத் தலைவலிக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய தடுப்பு மருந்துகளின் காலம் அப்போது முழு அளவில் தொடங்கியது.

மருந்து எதுவாயினும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஆனால், மாணவர்கள் தாங்களே செய்யக்கூடியவையும் உள்ளன:

• தூக்கம்: விடுமுறையிலும் ஒரே நேரத்தில் தூங்கி எழுவது. குறைந்த தூக்கம் மட்டுமன்று, ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை தூங்குவதும் வலியைத் தூண்டலாம்.
• உணவும் நீரும்: காலை உணவைத் தவிர்க்கக்கூடாது. வெறும் வயிற்றோடு சபைகூடலில் வெயிலில் நிற்பது பலருக்கு வினையாகிறது.
• கோப்பி, தே, சக்திப் பானம்: தேர்வுக் காலத்தில் திடீரென்று கூட்டுவதும் திடீரென்று நிறுத்துவதும் இரண்டுமே தொல்லை.
• உடற்பயிற்சி: மிதமாக, தொடர்ந்து செய்வது.
• மாத்திரைக் கணக்கு: பெனடால் போன்ற வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் மேலாக எடுத்துவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். ‘மருந்தே நோயாகும்’ நிலை இது.
• நாட்குறிப்பு: வலி வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, முன்னிரவு தூக்கம், உணவு, மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை ஆகியவற்றைக் குறித்துவைப்பது. இரண்டு மாதக் குறிப்போடு கிளினிக்குக்குப் போனால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் காய்ச்சலோடு வரும் கடும் தலைவலி என்றால் டிங்கியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

8. நம்பாமை என்ற பழைய நோய்

வரலாற்றின் கசப்பான பக்கம் ஒன்று உண்டு. வலி வெளியே தெரியாததால், வலிக்கிறது என்று சொன்னவரின் குணமே கேள்விக்குள்ளானது. 1930-களில் வுல்ஃப், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கென்று ஒரு தனிக் குணம் இருப்பதாக எழுதினார். எல்லாம் குறையின்றி இருக்க வேண்டும் என்று துடிப்பவர்கள், வளைந்து கொடுக்காதவர்கள் என்பது அந்தச் சித்திரம். இதனால் நோய்க்கு நோயாளியே பொறுப்பு என்ற எண்ணம் வளர்ந்தது. அந்தக் கருத்து பின்னர் ஆதாரமின்றி உதிர்ந்துவிட்டது. ஆனால், மனப்பான்மை உதிரவில்லை. பருவ வயதுக்குப் பிறகு இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ‘பொம்பளப் பிள்ளைங்க சும்மா சொல்வாங்க’ என்ற பேச்சும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

பள்ளியில் இதன் விளைவு என்ன? உண்மையிலேயே ஒற்றைத் தலைவலி உள்ள மாணவி வாந்தியை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் திட்டுவார்களோ என்று பையில் இருக்கும் மாத்திரையைத் தானே விழுங்குவாள். வாரத்துக்கு நான்கு நாள் இப்படிப் போனால், மேலே சொன்ன மாத்திரைத் தலைவலியும் வந்து சேரும். மாதச் சோதனையில் மதிப்பெண் குறையும். ‘அக்கறை இல்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். இதெல்லாம் ஒரு கேள்வி கேட்காததால் வரும் வினை.

சாக்குச் சொல்பவர்களும் இருப்பார்கள்தானே என்று நண்பர்கள் கேட்கலாம். இருப்பார்கள். அதனால்தான் ‘நம்புகிறேன்’, ‘நம்பவில்லை’ என்ற பேச்சை விட்டுவிட்டுக் கேள்விகள் கேட்கச் சொல்கிறேன். மருத்துவர்களிடையே புழங்கும் ஒரு சிறு சோதனை மூன்றே கேள்விகள் கொண்டது. தலைவலியின்போது குமட்டல் வருகிறதா? வெளிச்சம் கூசுகிறதா? கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் ஒரு நாளாவது படிப்போ வேலையோ தடைப்பட்டதா? மூன்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை; மாணவரை அவரிடம் அனுப்பி வைப்பதும், பெற்றோருக்கும் ஆலோசக ஆசிரியருக்கும் தெரியப்படுத்துவதும் நம் வேலை.

முடிவுரை

அரெட்டேயஸிடம் மூளைப் படம் இல்லை. ஹியூபர்ட் ஏரியிடம் இருந்தவை காகிதமும் எழுதுகோலும்தாம். புரோப்ரனலாலின் பயன் தெரிந்தது நோயாளிகள் வாய்திறந்து சொன்னதால். இந்நோயைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, ஒருவர் தம் வலியைத் துல்லியமாகச் சொன்னதாலும் இன்னொருவர் அதைக் கவனமாகக் கேட்டு எழுதியதாலும் கிடைத்தது. துல்லியமாகச் சொல்வதும் கவனமாகக் கேட்பதும் மொழி வகுப்பில் நாம் தினமும் கற்பிக்கும் திறன்கள். அடுத்தமுறை ஒரு மாணவர் ‘தலை வலிக்குது’ என்றால், ‘எப்படி வலிக்குது, சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள்.

மாணவர்களுக்கான வினாக்கள்

1. ‘ஒற்றைத் தலைவலி’ என்ற பெயர் நோயை அடையாளம் காண எவ்வாறு உதவியது? எவ்வாறு தடையாகவும் இருந்தது? (பகுதி 1, 6)
2. லாஷ்லியின் கணக்கும் லியாவின் கண்டுபிடிப்பும் ஒன்றையொன்று எவ்வாறு உறுதிப்படுத்தின?
3. 1962 வரையறைக்கும் 1988 விதிகளுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு என்ன? அது ஏன் முக்கியம்?
4. ‘விளக்கம் தவறானாலும் கவனிப்பு நிலைக்கும்.’ கட்டுரையிலிருந்து இரண்டு சான்றுகள் தந்து இக்கூற்றை நிறுவுக.

வகுப்பறை நடவடிக்கை

மாணவர்கள் இருவர் இருவராக அமரட்டும். ஒருவர் நோயாளி, மற்றவர் மருத்துவர். நோயாளி தம் தலைவலியை ஐந்து வாக்கியங்களில் வருணிக்க வேண்டும். ‘ரொம்ப’, ‘பயங்கரமா’ ஆகிய சொற்களுக்கு அனுமதி இல்லை. குத்துதல், துடித்தல், இறுக்குதல், கனத்தல், தெறித்தல் போன்ற வினைகளைப் பயன்படுத்தலாம். மருத்துவர் பகுதி 6-இல் உள்ள பட்டியலை வைத்துக் கேள்விகள் கேட்டு, அது எந்த வகையாக இருக்கலாம் என்று காரணத்தோடு கூற வேண்டும். வருணனைச் சொல்வளத்துக்கும் வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கும் இது ஒருசேர உதவும்.